வால் போகாத சட்டை

சனிக்கிழமை விடிந்தால் மான் சீசன். வெள்ளிக்கிழமை மதியமே எனக்குப் பயம் பிடித்துவிட்டது. காரணம் மான் இல்லை, துப்பாக்கி இல்லை, நான் போட்டிருந்த சட்டை.

சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை. என் கணவர் லியாண்டருடையது. போன வருஷத்துக்கு முந்தைய மார்ச்சில், கொட்டகையில் டிராக்டருக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் போய்விட்டார் என்றால் நம்பவே முடியாத அளவுக்குத் திடமான மனிதர். இல்லை, தப்பு. தொண்ணூற்று நான்கு மார்ச். இப்போது தொண்ணூற்று ஐந்து நவம்பர். எனக்கு அது ரொம்ப நாளாகிவிட்ட மாதிரி இருக்கிறது, அதனால்தான் கணக்கு பிசகுகிறது.

லியாண்டரும் அவருடைய அண்ணன் நார்பர்ட்டும் தம்பி அர்பனும் சேர்ந்து பட்டோகா ஆற்றுக்கு மேலே மேட்டில் கட்டிய மரக்குடில் ஒன்று உண்டு. சீசனுக்கு அங்கேதான் போவார்கள். அந்தக் குடிலில் ஒரு சட்டம். மானைச் சுட்டுக் குறி தப்பினால், தப்பியவன் வந்து குனிந்து நிற்க வேண்டும். நார்பர்ட் ஒரு பழைய தையல் கத்தரியால் அவன் சட்டையின் பின்பக்கத் தொங்கலை வெட்டுவார். அதை வால் என்பார்கள். வாலைச் சுவரில் ஆணியடித்து, பேரும் தேதியும் எழுதிய அட்டைத்துண்டை அதோடு மாட்டிவிடுவார்கள். சுவரில் முப்பதுக்கு மேல் வால்கள் தொங்குகின்றன. அர்பனுடையது மட்டும் பதினொன்று.

லியாண்டருடையது ஒன்றுகூட இல்லை. இருபத்திரண்டு சீசன், ஒரு வால் போகவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் சாப்பாட்டு மேசையில் அவர் இதைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது. அவர் போன பிறகு அதே கதையை நானே ஊருக்கெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன்.

குடிலின் இன்னொரு சட்டம்தான் என்னை அங்கே கொண்டுபோய் விட்டது. மானுக்குக் காத்திருக்க மரத்தில் கட்டிய ஒரு பரண் இரண்டு சீசன் காலியாகக் கிடந்தால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். லியாண்டரின் பரண் ஒரு சீசன் காலியாக இருந்துவிட்டது. நார்பர்ட்டின் மருமகன் அதன்மேல் கண் வைத்திருந்தான். நல்ல பையன்தான், ஆனால் காட்டுக்குள் வாசனைத் தைலம் பூசிக்கொண்டு வருகிறவன். அவன் உட்காருவதற்கு நான் உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. எனக்கு எப்போதும் வாய் முன்னால் போகும், புத்தி பின்னால் வரும்.

வேட்டை எனக்குப் புதிதில்லை. அப்பாவின் பண்ணையில் கல்யாணத்துக்கு முன்பு நான்கு மான் சுட்டிருக்கிறேன். ஆனால் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓட்டி என் வலது தோள் தேய்ந்து, போன வருஷம் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். நீளத் துப்பாக்கியின் கட்டையைத் தோளில் முட்டுக்கொடுத்துச் சுட்டால் தைத்ததெல்லாம் பிய்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் மாநிலத்தில் மானுக்கு ரைபிள் கூடாது. பெரிய ஈயக்குண்டு போடும் ஷாட்கன் உண்டு, அது கழுதை மாதிரி உதைக்கும். மிச்சம் இருப்பது கைத்துப்பாக்கி.

அது லியாண்டரின் மேசை இழுப்பறையில் கிடந்தது. ஒரே ஒரு தோட்டா போடுகிற துப்பாக்கி. விசைக்குக் கீழே இருக்கும் வளையத்தைப் பின்னால் இழுத்தால் நடுவில் மடிந்து வாயைத் திறக்கும். ஒரு தோட்டாவை வைத்து மூட வேண்டும். குழல் முழங்கை நீளம். அதற்கு இரண்டு குழல்கள். முன்கட்டையைக் கழற்றி ஒரு ஆணியைத் தள்ளினால் ஒரு குழல் வெளியே வந்துவிடும், இன்னொன்றை மாட்டலாம். அணிலுக்குச் சின்னக் குழல், மானுக்குப் பெரிய குழல். ஒவ்வொன்றின் மேலும் தனித்தனியாகக் குறி பார்க்கும் ஸ்கோப், அதனால் மாற்றினாலும் குறி மாறாது.

அதை அவர் வாங்கி வந்த வருஷம் ஈஸ்டர் விருந்தில் அண்ணன் தம்பிகள் முன்னால் பெருமையாக எடுத்துக் காட்டினார். நான் உருளைக்கிழங்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

"ஆறு தோட்டா போடுற துப்பாக்கி ஊர்ல கிடைக்கல, ஒண்ணு போடுறத தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வந்திருக்காரு. இந்தப் பொம்மை ஒருநாள் உங்க மானத்த வாங்கும் பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்த ஒரு சீசன் அதைக் கொண்டுபோனார். அதன் பிறகு இழுப்பறையில் போட்டுவிட்டுப் பழைய ஷாட்கனுக்கே திரும்பிவிட்டார். ஏன் என்று கேட்டேன். "பிடிக்கல" என்றார். அந்தக் குளிர்காலம் முழுக்க "நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லிக்காட்டினேன்.

இப்போது அந்தப் பொம்மையைத்தான் நான் நம்ப வேண்டியிருந்தது. ஆகஸ்டிலிருந்து மூன்று மாதம் சின்னக் குழலை மாட்டிப் பழகினேன். வேலித் தூணில் மண் மூட்டையை வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றி, தகர டப்பாக்களையும் வால்நட் காய்களையும் சுட்டேன். அணில் சீசன் வந்ததும் ஒன்பது அணில். தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் துப்பாக்கிக் குதிரையைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்துவது, மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவது, விசையை நகத்தால் அழுக்குச் சுரண்டுகிற மாதிரி மெதுவாக அழுத்துவது, எல்லாம் கைக்கு வந்தது.

அக்டோபரில் பெரிய குழலை மாட்டினேன். முதல் வெடியில் துப்பாக்கி என் நெற்றியைத் தேடி எம்பியது. இரண்டு நாள் அதைத் தொடவில்லை. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு இருபது தோட்டா சுட்டேன். ஐம்பது தப்படியில் ஒரு தேநீர்த் தட்டுக்குள் எல்லாம் விழுந்தது. தோளில் வலி இல்லை. என்னாலும் முடியும் என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

அந்தக் குதிரையின் தலையில் ஒரு சின்னக் குமிழ் உண்டு. சின்னத் தோட்டாவை அதன் ஓரத்தில் அடித்தால்தான் வெடிக்கும், பெரியதை நடுவில் அடித்தால்தான் வெடிக்கும். அதனால் குமிழை இடது பக்கம் தள்ளினால் ஓரத்தில் அடிக்கும், வலது பக்கம் தள்ளினால் நடுவில் அடிக்கும். நடுவாக வைத்தால் எதையும் அடிக்காது, நடக்கும்போது அப்படித்தான் வைத்திருக்க வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை குடிலுக்குள் நுழைந்தபோது நார்பர்ட் அடுப்பில் விறகு வைத்துக்கொண்டிருந்தார். அறுபத்தோரு வயது, சுருக்கமாகப் பேசுகிற ஆள். அர்பன் என் சட்டையைப் பார்த்துவிட்டு விசில் அடித்தான். அவனுக்கு நாற்பத்தைந்து ஆகியும் வாய் இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறது.

"அண்ணி, அந்தச் சட்டையப் போட்டுட்டா வந்தீங்க? நாளைக்கு வால் போனா அழக்கூடாது."

"உனக்குப் பதினொண்ணு போச்சே, நீ அழுதியா?"

"நான் குளிர் காலத்துல அழமாட்டேன், கண்ணீர் உறைஞ்சிடும்."

அப்போதுதான் எனக்கு வீம்பு ஏறியது. சட்டையின் பின்பக்கத்தை இழுத்து வெளியே விட்டு அவர்கள் இருவருக்கும் காட்டினேன். "நல்லாப் பாத்துக்கோங்க. இருபத்திரண்டு சீசன். நூல்கூடப் பிரியல. இது என் கையில போகாது" என்றேன்.

இருவரும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அர்பன் காலணிக் கயிறைக் கட்டக் குனிந்தான், அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. நார்பர்ட் அடுப்புக்குள் இன்னொரு விறகை வைத்தார். நான் செத்தவரின் பேச்சை எடுத்ததால் அவர்களுக்குச் சங்கடமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வால் சுவரைப் பார்த்தேன். பாதிக்குமேல் சிவப்பு கறுப்புக் கட்டம்தான், இந்தப் பக்கத்து ஆண்களுக்கு வேறு சட்டையே தெரியாது. அடுப்புப் பக்கத்து மூலையில் ஒரு வாலின் அட்டை மட்டும் எழுத்து தெரியாமல் சுவர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தது. யாரோ இடித்துத் திருப்பிவிட்டிருப்பார்கள்.

பதற்றம் தாங்காமல் சாயங்காலம் சின்னக் குழலை மாட்டிக்கொண்டு குடிலுக்குப் பின்னால் போய் ஓர் அணிலைச் சுட்டேன். கை நடுங்கவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான். வந்து மேசைமேல் துணியை விரித்துப் பெரிய குழலை மாட்டினேன். ஆணி சரியாக இறங்கியிருக்கிறதா பார்த்தேன். முன்கட்டையின் திருகை இறுக்கினேன், மறுபடி இறுக்கினேன். ஸ்கோப்பை ஆட்டிப் பார்த்தேன். குமிழை நடுவில் வைத்தேன். தோட்டாக்களை எண்ணினேன், ஆறு. சட்டைப் பையில் ஏழாவதாக ஒன்று இருந்தது. அது லியாண்டர் விட்டுப்போனது. ஆகஸ்டில் சட்டையை எடுத்த அன்றைக்கே அதை அந்தப் பையில் பார்த்தேன். அடிப்பாகத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது, கீழே விழுந்து அடிபட்ட மாதிரி. சுடுவதற்கு ஆகாது. ஆனாலும் அவர் தொட்டது என்று பையிலேயே வைத்திருந்தேன்.

"அண்ணி, அந்தத் திருகு பாவம், விட்டுடுங்க" என்றான் அர்பன்.

காலையில் இருட்டு விலகும் முன்பே பரணில் இருந்தேன். காலித் துப்பாக்கியைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்தேன். சட்டைமேல் ஆரஞ்சு மேலங்கி. மேற்கிலிருந்து காற்று, எனக்குச் சாதகம். தோட்டாவை வைத்து மூடினேன். வெளிச்சம் வந்ததும் கட்டைவிரலால் குமிழைத் தள்ளினேன். டக்கென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் எனக்கு ஒரு திருப்தி கொடுத்தது.

பிறகு காத்திருப்பு. எனக்கு அந்தக் காத்திருப்புதான் ஆகாது. ஒரே ஒரு தோட்டா. தப்பினால் இரண்டாவது கிடையாது. நார்பர்ட்டின் கத்தரி என் முதுகுப் பக்கம் வருவதும், கம்பளி நறநறவென்று வெட்டுப்படுவதும் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த மனிதரிடமிருந்து எனக்கென்று மிச்சம் இருந்தது ஒரு பண்ணை, ஒரு மூக்குக் கண்ணாடி, இந்தச் சட்டை. பண்ணை பிள்ளைகளுக்குப் போகும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். சட்டைதான் என்னுடையது, அதுவும் முழுசாக இருப்பதுதான் அதன் பெருமையே. ஏன்தான் இதைப் போட்டுக்கொண்டு வந்தேனோ, மேலங்கி மட்டும் போட்டுக்கொண்டு வந்திருக்கலாமே என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

எட்டேகால் மணிக்கு ஆண்மான் வந்தது.

பள்ளத்திலிருந்து ஏறி, நேராக என் முன்னால் இருந்த பெர்சிமன் மரத்தடிக்கு வந்தது. எட்டு முனைக் கொம்பு. விழுந்து கிடந்த பழங்களை முகர்ந்தது. முப்பது தப்படிகூட இருக்காது. பரணின் கைப்பிடிக் கட்டைமேல் மண் மூட்டையை வைத்து, அதன்மேல் கைகளை ஊன்றினேன். நெஞ்சு அடித்த அடியில் ஸ்கோப்புக்குள் மான் துள்ளிக்கொண்டே இருந்தது. அது தலையைக் குனிந்தபோது குதிரையை இழுத்து நிறுத்தினேன். முன்காலுக்குப் பின்னால், கொஞ்சம் கீழே. மூச்சைப் பாதி விட்டேன். மான் துள்ளுவது நின்றது. அழுத்தினேன்.

டிக்.

அவ்வளவுதான். மான் தலையைத் தூக்கிச் சுற்றுமுற்றும் பார்த்தது.

வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்கக் கூடாது. உள்ளே கனன்று தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும். அரை நிமிடம் குழலைப் பாதுகாப்பான பக்கமாக நீட்டியபடியே பிடித்திருக்க வேண்டும். இந்தத் துப்பாக்கியில் திறந்து மூடாமல் குதிரையை மறுபடி இழுக்கவும் முடியாது. அதனால் நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மான் ஒரு பழத்தை எடுத்துத் தின்றது. ஒன்பது, பத்து. கொட்டையைத் துப்பியது. பதினேழு. பக்கவாட்டில் முழு உடம்பையும் காட்டிக்கொண்டு நின்றது, படம் எடுக்கக் காட்டுகிற மாதிரி. என் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. போகாதே, போகாதே என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே எண்ணினேன். முப்பது. வளையத்தை இழுத்தேன். துப்பாக்கி கடக்கென்று வாயைத் திறந்தது. அந்தச் சத்தத்துக்கு மான் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு இரண்டே பாய்ச்சலில் பள்ளத்துக்குள் போய்விட்டது.

தோட்டாவை வெளியே எடுத்துப் பார்த்தேன். நடுவில் விழ வேண்டிய குழி ஓரத்தில் விழுந்திருந்தது.

குதிரையைப் பார்த்தேன். குமிழ் இடது பக்கம் இருந்தது. என் புத்திக்கு எல்லாம் தெரியும், ஆனால் தள்ளியது கட்டைவிரல். மூன்று மாதம் அணில் சுட்டுப் பழகிய கட்டைவிரல், பழகிய பக்கமே போயிருக்கிறது. திருகைத் திரும்பத் திரும்ப இறுக்கினேன், காற்றைப் பார்த்தேன், கயிற்றைப் பார்த்தேன். குமிழ் எந்தப் பக்கம் போனது என்று மட்டும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். தூரத்து மேடுகளில் வெடிச் சத்தம் கேட்டபடி இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் பக்கமிருந்து ஒரு சத்தமும் யாருக்கும் கேட்டிருக்காது. டிக் என்பது மானுக்கே சரியாகக் கேட்கவில்லை. நான் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சட்டை முழுசாக வீட்டுக்கு வரும்.

மதியம் குடிலுக்குப் போனேன். வெளியே நார்பர்ட் சுட்ட பெண்மான் தொங்கியது.

"என்ன ரோஸலி, ஏதாவது கண்ணுல பட்டுதா?" என்றார்.

"ஒண்ணும் வரல."

சொல்லிவிட்டேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று எனக்கே ஆச்சரியம். அர்பன் பீன்ஸும் மான்கறியும் மக்ரோனியும் போட்டு வேகவைத்த சில்லியை என் கிண்ணத்தில் ஊற்றினான். மூன்று கரண்டி தின்றேன். நான்காவது உள்ளே போகவில்லை. லியாண்டரின் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவர் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவர் அண்ணன் தம்பியிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒருநாளும் இப்படிச் செய்திருக்க மாட்டார். சட்டை முழுசாக இருக்கும், அதைப் போடத்தான் எனக்கு முகம் இருக்காது.

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நான் சொன்னது பொய். எட்டேகாலுக்கு ஒரு ஆண்மான் வந்துது. எட்டு முனை. முப்பது தப்படி. விசைய இழுத்தேன், டிக்குனு ஒரு சத்தம். அவ்வளவுதான், மான் போயிடுச்சு."

கூரை அதிரச் சிரிப்பார்கள் என்று காதை மூடிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அர்பன் மெல்லுவதை நிறுத்திவிட்டு நார்பர்ட்டைப் பார்த்தான்.

"குமிழா?" என்றார் நார்பர்ட்.

அவர் அந்தத் துப்பாக்கியைக் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். எனக்குப் பயத்தோடு கோபமும் சேர்ந்துகொண்டது. "சரி, எப்படியோ தெரியட்டும். வெடிக்கவே இல்லயே. வெடிக்காதது எப்படிக் குறி தப்பினதாகும்? நான் தப்பல, தோட்டா வெளியவே வரல. இதுக்கு வால் வெட்டணும்னு உங்க சட்டத்துல எங்க இருக்கு?"

"இருக்கு" என்றார் நார்பர்ட். "ஒரு தடவ நடந்திருக்கு. விசைய இழுத்தாச்சு, மான் போயிடுச்சு, அப்ப வாலும் போகணும்னு அன்னிக்கே முடிவாயிடுச்சு."

"யாரு முடிவு பண்ணது?"

"வால் குடுத்தவன்தான்."

"அதான் யாருன்னு கேக்குறேன்."

நார்பர்ட் எழுந்து அடுப்புப் பக்கத்து மூலைக்குப் போனார். சுவர்ப்பக்கமாகத் திரும்பியிருந்த அந்த அட்டையை விரலால் திருப்பினார். எழுந்து போய்ப் படிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கையெழுத்தை நான் இருபத்தாறு வருஷமாக மளிகைச் சீட்டில் பார்த்திருக்கிறேன். லியாண்டர். நவம்பர் பதினாறு, தொண்ணூற்று ஒன்று. அதற்குக் கீழே ஒரே ஒரு வார்த்தை: டிக்.

என் கால்கள் என்னை அறியாமல் அங்கே கொண்டுபோய் நிறுத்தின. துணியைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு என் இடுப்புப் பக்கம் இருந்த முழுத் தொங்கலைத் தொட்டுப் பார்த்தேன்.

"அப்ப இது?"

"ரெண்டாவது சட்டை" என்றான் அர்பன். "திங்கட்கிழமையே லியாண்டர் அண்ணன் ஜாஸ்பர் டவுனுக்குப் போய் இதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டாரு. புதுசுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும்னு என் டிராக்டருக்குப் பின்னால கட்டி, அறுத்த மக்காச்சோளக் கட்டைமேல ரெண்டு சுத்து இழுத்தோம்."

"ரெண்டு இல்ல, மூணு" என்றார் நார்பர்ட்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எப்போதும் பேசுவதைவிட அன்றைக்கு நார்பர்ட் நிறையப் பேசிவிட்டார். "எங்களுக்குச் சத்தமே கேக்கல ரோஸலி. நாங்க ஒண்ணும் கேக்கவும் இல்ல. அவனா வந்தான். சட்டையக் கழட்டி இந்த மேசைமேல போட்டான். கத்தரிய எடுங்கன்னான். வெடிக்கலயேடா, விடுடான்னு சொன்னேன். இல்ல, இழுத்தது நான், போனது மான், வெட்டுங்கன்னான். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டான். எழுத்து உள்பக்கமா இருக்கட்டும், அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னான்."

"ஏன்? என்கிட்ட ஏன் சொல்லக் கூடாது?"

அர்பன் கிண்ணத்துக்குள் பார்த்தபடி பேசினான். "அந்த ஈஸ்டர் விருந்துல நீங்க சொன்னீங்கல்ல அண்ணி. பொம்மை. மானத்த வாங்கும்னு."

உருளைக்கிழங்குத் தட்டு ஞாபகம் வந்தது. அவர் சிரித்ததும் ஞாபகம் வந்தது. அதன் பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க நான் "சொன்னேன்ல" என்று சொல்லும்போதெல்லாம் அவர் மனசில் இந்த விஷயம் இருந்திருக்கிறது. அண்ணன் தம்பி முன்னால் தானே வந்து சட்டையைக் கழற்றிப் போட்ட மனிதர், என் வாய்க்குப் பயந்து ஒரு சட்டையை மக்காச்சோளக் கொல்லையில் இழுத்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது, வெட்கம் வந்தது, மூன்றாவது சுற்றை நினைத்ததும் சிரிப்பும் வந்தது. மூன்றும் ஒன்றாக வந்ததில் மூக்குதான் ஒழுகியது.

சட்டைப் பையிலிருந்து அவருடைய தோட்டாவை எடுத்து மேசைமேல் நிறுத்தினேன். பக்கத்தில் என்னுடையதை வைத்தேன். இரண்டிலும் குழி ஓரத்தில், ஒரே இடத்தில். ஆகஸ்டிலிருந்து இதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். என்னவென்று ஒருதடவைகூட யோசிக்கவில்லை.

மேலங்கியைக் கழற்றினேன். சட்டையைக் கழற்றி நார்பர்ட்டிடம் நீட்டினேன். உள்ளே போட்டிருந்த பழைய ஸ்வெட்டரோடு நின்றேன்.

"வேணாம்மா" என்றார் அவர். "இது அவன் சட்டை. நீ புதுசா வந்திருக்க. இந்தத் தடவ விட்டுடலாம்."

"அவருக்கு விட்டீங்களா?"

"விடல."

"அப்ப வெட்டுங்க."

கத்தரி பழசு, வெட்டு கோணலாகப் போனது. கேட்கக் கேட்க எனக்கு உயிர் போகும் என்று நினைத்த அந்த நறநற சத்தம் ஐந்து நொடிகூட இல்லை. நான் அட்டையில் பேரும் தேதியும் எழுதினேன். கீழே டிக் என்றும் எழுதினேன். அர்பன் ஆணியைப் பிடித்துக்கொள்ள, லியாண்டருடையதற்குப் பக்கத்திலேயே நான் அடித்தேன்.

"எழுத்து எந்தப் பக்கம் அண்ணி?"

"வெளிய. ரெண்டும் வெளியதான் இருக்கணும்."

இரண்டு மணிக்கு மறுபடி பரணுக்குக் கிளம்பினேன். குமிழ் நடுவில் இருக்கிறதா என்று வாசலிலேயே பார்த்தேன், பாதி வழியில் பார்த்தேன், ஏறுவதற்கு முன்பும் பார்த்தேன். வால் இல்லாத சட்டைக்குள் குளிர் முதுகு வழியாக ஏறியது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவர் என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று அங்கே உட்கார்ந்து யோசித்தேன். சிரித்திருப்பேன். அடுத்த ஈஸ்டர் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன். அவருக்கு அது தெரியும்.